பூசக்கூடாத இடம்

என் நாத்தனார் ஜோஸ்லின் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தமானில் எங்கள் வண்டூரில் குறைவு. சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தால் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே தின்பாள். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது எல்லோரும் முழந்தாளில் இருப்போம், இவள் மட்டும் கதவோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அடுத்த நிறுத்தத்திலேயே யாரையாவது கூப்பிட்டு அதைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். காலில் சக்கரம் கட்டியிருக்கிறாயா என்று நான் கேட்காத நாள் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வாய் வலித்தது.

நான் ரோசலின். அவளுடைய அண்ணன் ஜோஸ்வாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். படகு கட்டும் ஜெட்டிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஜோஸ்லினைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சு பேசுவார்கள். அவளோடு சண்டை போடும் உரிமை முழுவதும் என்னிடம் இருப்பதால், அவளைப் பற்றிச் சொல்லும் உரிமையும் என்னுடையதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் போர்ட் பிளேர் கல்லூரியில் வேதியியல் படித்தாள். பிறகு கப்பலேறி மெயின்லேண்டு போய், பாளையங்கோட்டையில் ஆசிரியர் படிப்பு முடித்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து ஒப்பந்த ஆசிரியை. கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடிந்தது, அடுத்த ஆண்டுக்கு மறுபடி மனுப் போட வேண்டும். ஒரு வருடம் சௌல்தாரி, அப்புறம் வடக்கே எங்கோ, இப்போது லாங் ஐலண்ட். எந்த ஊரிலும் அவள் பெட்டியை முழுவதாகப் பிரித்ததில்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பேசுவோம் என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனது. அந்தக் காப்பியைப் போட்டது நான். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அவளுடைய அப்பா, என் மாமனார் அடைக்கலசாமி, மணப்பாட்டிலிருந்து இளவயதில் இங்கே வந்து பிறர் படகில் கூலிக்கு ஏறியவர். சொந்தமாக வாங்கிய முதல் படகைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பின் வாங்கியதுதான் இப்போதுள்ள ஃபைபர் போட், பெயர் ‘சிந்தாத்திரை மாதா’. சீசனில் அதில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜோஸ்வா பவளப்பாறை காட்டப் போவார். அந்த போட் ஓடினால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும்.

எங்கள் ஊரில் டிசம்பர் மூன்றாம் தேதி சவேரியார் திருநாள். அன்று காலை கடல் ஏற்றத்தில், ஜெட்டிக் கழி நிறையத் தண்ணீர் இருக்கும்போது, ஃபாதர் எல்லா போட்டுகளையும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிறகு ஒரு போட் சவேரியார் சுரூபத்தை ஏற்றிக்கொண்டு முன்னால் போகும், மற்றவை பின்னால் போகும். கழிமுகம் தாண்டிக் கடலில் ஒரு சுற்று சுற்றித் திரும்புவார்கள். முன் போட்டில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை உடுத்திக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள். எந்த போட் முன்னால் போவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். மாமாவின் பெயர் ஒரு வருடமும் விழுந்ததில்லை. சென்ற நவம்பரில் விழுந்தது. அன்று அவர் கோயிலில் இருந்து நேராக வீட்டுக்கு நடந்து வந்து, இறந்துபோன என் மாமியாரின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

போட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில் மாமாவுக்குத் தனிப் பக்தி. திருநாளுக்கு முன் போட்டைக் கரையேற்றி, ஆட்கள் அடித்து முடித்த பிறகு, அவர் ஒரு சின்னத் தூரிகையோடு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாத இடுக்கெல்லாம் தேடித் தேடிப் பூசுவார். "மந்திரிச்ச தண்ணி படுற போட்டு. ஒரு எடங்கூட அம்மணமா இருக்கப்படாது" என்பார். ஜெட்டியில் வேறு யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. எங்கள் போட் அடிவயிறுகூட மினுங்கும் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

திருநாளுக்கு முந்தைய நாள் காலை. பெயிண்ட் காய்ந்து போட் தண்ணீரில் இறங்கியாயிற்று, சப்பரம் வைக்கப் பலகையும் கட்டியாயிற்று. லாங் ஐலண்டிலிருந்து முதல்நாள் மாலை வந்திருந்த ஜோஸ்லின் இட்லித் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, உக்காந்து தின்னா தொண்டையில எறங்காதா?" என்றேன்.

"எறங்கும் மைனி. மனசுதான் எறங்க மாட்டேங்குது" என்றவள் ஜோஸ்வா பக்கம் திரும்பினாள். "அண்ணே, போட்டுல இருந்து கழட்டுன பழைய ஜிங்க் கட்டி ஏதாவது கெடக்கா? அரிச்சு ஓட்டை விழுந்ததா வேணும். பிள்ளையளுக்குக் காட்டணும்."

துத்தநாகக் கட்டியைத்தான் எங்கள் ஜெட்டியில் ஜிங்க் என்பார்கள். சவுக்காரக் கட்டி அளவில் இருக்கும். போட்டின் பின்னால், தண்ணீருக்கு அடியில், போட்டைத் திருப்பும் சுக்கானுக்குப் பக்கத்தில், இரும்போடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். கடல் தண்ணீர் அதைத் தின்னத் தின்ன மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜோஸ்வா பல் தெரியச் சிரித்தார். "பழசுக்கு எங்க போவேன்? நம்ம போட்டுல ரெண்டு வருசத்துக்கு முன்னால போட்டது அப்படியே இருக்கு. அரிக்கவே இல்ல. பக்கா மால்."

ஜோஸ்லின் நின்றாள். அவள் நின்றதைக் கண்டு எனக்கே திக்கென்றது.

"அரிக்கவே இல்லையா?"

"தொட்டுப் பாரு வேணா. அப்பாதான் வருசா வருசம் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காவளே."

"ஜிங்க் மேலயா பெயிண்ட்?"

வாசலில் வலைக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "பின்ன? அந்த ஒரு எடம் மட்டும் குஷ்டம் புடிச்ச மாதிரி இருக்கணுமா?"

"அப்பா, அத மூடப்படாது. அது தண்ணியில படணும். நாளைக்குப் போட்ட எடுக்கப்படாது. சுக்கானப் பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

மாமா கயிற்றைக் கீழே வைத்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றும் போடவில்லை, அதுதான் மோசம். "எனக்கு மொத மொதலா வந்திருக்கு. சப்பரப் பலகை கட்டியாச்சு. இனிமே மந்திரிக்கிற வரைக்கும் என் போட்டு மேல ஒருத்தரும் சுரண்டி வைக்கப்படாது." எழுந்து துண்டை உதறினார். "வருசா வருசம் வேலையில இருந்து உன்னக் கழட்டி மாட்டுறானுவ. நீ என் போட்டுக்குச் சட்டம் சொல்லுதியா?"

சொல்லிவிட்டு ஜெட்டிப் பக்கம் போய்விட்டார். ஜோஸ்லின் தட்டைத் தொட்டியில் போட்டாள். இரண்டு இட்லி மிச்சம். எனக்கு மாமா மேல் வந்த கோபத்தில் கறிக்குக் காரம் கூடிப்போனது, அன்று சாப்பிட்டவர்களிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

ஜோஸ்வா இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தலையைச் சொறிந்து, ஊர் இந்தியைக் கலந்து சமாதானம் சொன்னார். "ஜோஸி, எஞ்சின் நேத்துதான் பாத்தேன். டென்ஷன் மத் லே. ஒண்ணும் ஆவாது."

"எஞ்சின் இல்லண்ணே. சுக்கான்."

தண்ணீர் வடிந்து போட் சேற்றில் உட்காரச் சாயங்காலம் நாலு மணியாவது ஆகும். அதுவரை எதையும் பார்க்க முடியாது. அந்த ஒரு பகலை நான் மறக்க மாட்டேன். கடையில் எனக்கு உதவுகிறேன் என்று வந்தாள். வெங்காயம் நறுக்கினாள், பாதியில் போட்டுவிட்டு ஜெட்டி வரை போனாள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். போனை எடுத்து யாரையோ கூப்பிடப் போனவள், வைத்துவிட்டாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"ஏளா, ஒண்ணு என்னன்னு சொல்லு. இல்லன்னா நான் ஒன்னக் கட்டிப் போட்டுருவேன்."

"மைனி, உங்களுக்கு கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா?"

"அது என்னப் பெயிலாக்குனது நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் மேசை மேலிருந்த உப்புச் சாடியை எடுத்து வைத்துக்கொண்டாள். நின்றபடிதான்.

"அணுவுக்கு வெளிய எலக்ட்ரான் அடுக்கடுக்கா இருக்கும். கடைசி அடுக்குதான் முக்கியம். அது நெறஞ்சிருந்தா அந்த அணு யாரு வம்புக்கும் போவாது. நியான், ஆர்கான் எல்லாம் அப்படி. மத்த அணு எல்லாம் அந்த நெலைக்கு வரத்தான் குடுக்கும், வாங்கும், இல்லன்னா பங்கு போட்டுக்கும். இந்த உப்ப எடுத்துக்கோங்க. சோடியத்துக்குக் கடைசியில ஒண்ணே ஒண்ணு. அதக் குடுத்துட்டா உள்ள இருக்கிற எட்டுதான் இப்ப கடைசி அடுக்கு. குளோரினுக்கு ஏழு, ஒண்ணு வாங்குனா எட்டு. குடுத்தது பிளஸ், வாங்குனது மைனஸ். ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்கும். அயனி சேர்மம்னு புஸ்தகத்துல இருக்கும். அதான் உப்பு."

"தண்ணியிலயும் இப்படித்தானா?"

"தண்ணியில பங்கு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டும் தன் கணக்குல எழுதிக்கும்."

"நம்ம வீட்டு டிவி ரிமோட்டு மாதிரி."

"அப்படியே." அவள் சிரித்தாள். அந்தப் பகலில் ஒரே ஒரு தடவை.

"அப்போ எட்டு சேந்துட்டா அதுக்கு நிம்மதி. அதுக்குத்தான் இவ்வளவு ஆசை."

"அதுக்கு ஆசையும் கெடையாது, நிம்மதியும் கெடையாது மைனி. அப்படிச் சேந்து நின்னா மொத்த ஆற்றல் கொறையுது, அவ்வளவுதான். நாமதான் நம்ம மனசக் கொண்டுபோய் அதுக்குள்ள வைக்கோம்."

இவளுக்கு எதையும் கொஞ்சம் அழகாக விட்டுவைக்கத் தெரியாது.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். லாங் ஐலண்டில் அவள் வகுப்பில் ப்ரியங்கா என்று ஒரு வங்காளிப் பெண். போன வாரம் எழுந்து கேட்டிருக்கிறாள்: மேடம், ஜிங்க் ரெண்டு எலக்ட்ரானைக் கொடுத்த பிறகு கடைசி அடுக்கில் பதினெட்டு இருக்கிறது, எட்டு எங்கே? அதெல்லாம் பரீட்சையில் வராது, உட்கார் என்று சொல்லியிருக்கிறாள் ஜோஸ்லின். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். இவளால்தான் உட்கார முடியவில்லை.

"அவகிட்ட அப்படிச் சொல்லியிருக்கப்படாது மைனி. எனக்குப் பதில் தெரியும். பாடம் முடிக்கணுங்கிற அவசரத்துல வாய அடைச்சிட்டேன்."

"என்ன பதில்?"

"அந்த அடுக்குக்குள்ள சின்னச் சின்ன பெஞ்சு இருக்குன்னு வைங்க. ரெண்டு பேரு பெஞ்சு, ஆறு பேரு பெஞ்சு, பத்துப் பேரு பெஞ்சு. ஜிங்க் ரெண்டக் குடுத்ததுக்கப்புறம் மிச்சம் இருக்கிற பெஞ்செல்லாம் நெறஞ்சிருக்கு. கூட்டுனா பதினெட்டு. அதுவும் அமைதியான நெலைதான். எட்டுங்கிறது சட்டம் இல்ல. சின்ன அணுவப் பாத்துப் பாத்து நமக்குப் பழகுன கணக்கு."

அந்தப் பெண்ணிடம் திரும்பப் போய் இதைச் சொல்ல வேண்டும், வெறுங்கையோடு போகாமல் கடலில் கரைந்த ஜிங்க் கட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றுதான் அண்ணனிடம் கேட்டிருக்கிறாள்.

"சரி, கரையல. கரையலன்னா நல்லதுதானே?" என்றேன்.

"இல்ல மைனி. கடல் தண்ணியில இரும்பும் எலக்ட்ரானக் குடுக்கும். குடுத்து, ஆக்சிஜனோட சேந்து துருவாப் போவும். ஜிங்க் பக்கத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அது முந்திக்கும். இரும்புக்குப் பதிலா அது குடுக்கும். அதான் கரையுது. அதுக்காகத்தான் அத வைக்கறோம். நம்ம ஜிங்க அப்பா பெயிண்டுக்குள்ள பூட்டி வச்சிட்டாவ. தண்ணி படாம அது எப்படி முந்தும்? இரும்புலயும் பெயிண்ட் இருக்கு, ஆனா சுக்கான் அசைய அசைய போல்ட் இடுக்கு வழியா தண்ணி உள்ள போயிரும்." கையிலிருந்த உப்புச் சாடியைக் கீழே வைத்தாள். "அது கரையலன்னா வேற என்னமோ கரையுது."

எனக்கு அப்போதுதான் உள்ளே இறங்கியது. மறுநாள் அந்த முன் போட்டில் வெள்ளை உடுத்தி நிற்கப் போகிற பிள்ளைகளில் என் மகள் ஷாரனும் ஒருத்தி. கழிமுகத்தில் பாறை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும். அந்த இடத்தில் சுக்கான் கைவிட்டால் போட் எங்கே போகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேதியியல் படிக்க வேண்டியதில்லை.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அதான் மைனி. தெரியாது." அவள் குரல் இறங்கிவிட்டது. "இத்தன வருசமா போர்டுல எழுதிப் போட்டதுதான். கண்ணால பாத்ததில்ல. சும்மா அப்பா மனச ஒடைக்கிறேனோ என்னமோ."

அதற்குப் பிறகு நானும் உட்காரவில்லை. கடையில் வந்தவர்களுக்கு யார் என்ன கேட்டார்கள் என்பதே நினைவில்லாமல் பரிமாறினேன். இரண்டு பேரும் மாறி மாறி ஜெட்டிக்குப் போய் வந்தோம். தண்ணீர் வடிகிற மாதிரியே தெரியவில்லை. அன்றைக்கென்று கடல் வேண்டுமென்றே தாமதம் செய்தது.

ஒரு வழியாக போட் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது. ஜோஸ்லின் சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டாள். என் கடையிலிருந்து மீன் செதில் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டாள். நான் ஜோஸ்வாவின் ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். மாமா சொன்ன சொல்லை மீறுகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சேற்றில் இறங்கினோம். மணல் ஈ பிய்த்தெடுத்தது.

முதலில் ஜிங்கைச் சுரண்டினாள். பெயிண்ட் ஒரு படலம், அதற்குக் கீழே போன வருடத்துப் பெயிண்ட், அதற்கும் கீழே அதற்கு முந்தியது. உள்ளே கட்டி புத்தம் புதிதாக இருந்தது. வார்த்தபோது பதித்த எண்கூட அழியவில்லை.

அவள் சுக்கானுக்கு நகர்ந்தாள். சுக்கானைப் போட்டோடு பிடித்துக்கொண்டிருப்பது ஓர் இரும்புத் தாங்கி, நான்கு போல்ட். எல்லாம் நீலப் பெயிண்டில் பளபளவென்று இருந்தன. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் ஸ்பேனரை வாங்கி ஒரு போல்ட்டின் தலையில் தட்டினாள். இரும்பைத் தட்டிய சத்தமே வரவில்லை. இன்னொரு தட்டு. பெயிண்ட் தோல் விரிந்து உள்ளிருந்து செம்மண் குழம்பு மாதிரி வழிந்தது. போல்ட்டின் தலை தனியாகக் கழன்று சேற்றில் விழுந்தது.

அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள், அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

நான் போட்டைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது. ஷாரனின் வெள்ளைக் கவுனை அன்று காலைதான் தேய்த்து மாட்டியிருந்தேன். அது மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது.

ஜோஸ்லின் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. "நான் சொன்னது தப்பாப் போவணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன் மைனி" என்றாள். சேற்றில் கையை விட்டு அந்த போல்ட் தலையைத் தேடி எடுத்தாள்.

நிமிர்ந்தால் ஜெட்டி ஓரத்தில் மாமா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஜோஸ்லின் கையை உயர்த்தி அதைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். தொங்குகிற சுக்கானைப் பார்த்தார். சப்பரப் பலகையைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜோஸ்வா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போர்ட் பிளேருக்குப் பறந்தார். பட்டறையில் தாங்கியைப் புதிதாகச் செய்ய வேண்டும், நாளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். வருகிற வழியில் கோயிலில் இறங்கி ஃபாதரிடம் விஷயத்தைச் சொன்னார். சுரூபம் எங்கள் ஜெட்டியின் இன்னொரு போட்டுக்காரர் மிக்கேலின் போட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. மாமா தன் கையால் சப்பரப் பலகையை அவிழ்த்து மிக்கேல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

திருநாள் காலை நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். மிக்கேல் போட் முன்னால் போனது. பிள்ளைகள் பாடினார்கள், ஷாரன் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். கழிமுகத்தில் அலை தூக்கி அடித்தது. போட் ஒரு பக்கம் சாய்ந்து, சுக்கான் பிடித்துத் திரும்பி, பாறையை விட்டு விலகிப் போனது. ஜோஸ்வா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மாமா புது வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக நின்றார். போட்டுகள் கண்ணுக்கு மறையும் வரை குனிந்த தலை நிமிரவில்லை.

ஜோஸ்லின் ஜெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், நேற்று நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் குடும்பத்துக்கு ஜோஸ்லின்தான் அந்த ஜிங்க் கட்டி மாதிரி, தன்னைக் கொடுத்துக் காப்பாற்றுகிறாள் என்றாள். உருக்கமாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ கரைஞ்சு போறதுக்கு எங்க வீட்டுல பொறக்கல" என்றேன். அந்தப் பெண் அப்புறம் என் பக்கம் வரவில்லை.

மதியம் திருநாள் விருந்து. மாமா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். ஜோஸ்லின் தன் பையில் துணியை அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். நாளைக் காலை லாங் ஐலண்ட் போட்டுக்குப் போய்விடுகிறேன் மைனி, நான் இருந்தால் அப்பாவுக்குக் கஷ்டம் என்றாள். கஷ்டப்படட்டும், நீ இரு என்றேன். அவள் கேட்கவில்லை.

பின்னேரம் ஜெட்டிப் பக்கம் வடம் இழுக்கும் போட்டி. ஊரே அங்கேதான் இருந்தது. ஷாரன் கட்டாயப்படுத்தி எங்களை இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் வடிந்து, எங்கள் போட் நேற்றைப்போலவே சேற்றில் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் யாரோ குனிந்திருந்தார்கள்.

மாமா. புது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. கையில் என் மீன் கத்தி. ஜிங்க் கட்டியில் மிச்சமிருந்த பெயிண்டை ஒவ்வொரு ஓரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதைப் பூசும்போது எவ்வளவு கவனமாகப் பூசுவாரோ அவ்வளவு கவனமாக.

வடம் இழுத்தவர்கள் நின்றுவிட்டார்கள். மிக்கேல்தான் கேட்டார். "என்ன அடைக்கலம் அண்ணே, திருநாளும் அதுவுமா? நேத்து மினுக்குன போட்ட இன்னைக்கு இப்படி அசிங்கப்படுத்துறீங்க?"

மாமா நிமிரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இது மேல பூசப்படாது. வெறுமனே இருக்கணும். தண்ணியில கரையணும். உங்க போட்டுலயும் பாத்துக்கோங்க." கத்தியை வேட்டியில் துடைத்தார். "எம்மவ சொன்னா. அவ டீச்சரு."

ஒப்பந்தம், நிரந்தரம் என்று ஒரு வார்த்தையும் அவர் சேர்க்கவில்லை.

நான் ஜோஸ்லினைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இல்லை. ஜெட்டியின் கடைசிப் படியில், பட்டுச் சேலையோடு, ஈரம் என்றும் பாராமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஷாரன் ஓடிப்போய் அவள் மடியில் ஏறினாள். நான் அவள் பக்கத்தில் போகவில்லை. உட்கார்ந்திருப்பவளை யார் கலைப்பார்கள்.

கொஞ்ச நேரம்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு, சேலையை அள்ளிச் செருகினாள்.

"அப்பா, அந்தக் கீழ்மூலையில விட்டுட்டிய. இருங்க, வாரேன்" என்று சொல்லிக்கொண்டே சேற்றில் இறங்கினாள்.